பேர் போடாத பாட்டு

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குப் "பேர்" என்ற சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. நகரத்து வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். எங்கள் மலைகளிலே ஒரு நாள் உழைப்புக்குப் பேர் என்றே பெயர். விடியலில் பிரட்டுக்குப் போய், மலையேறி, கூடை நிறையக் கொழுந்து கிள்ளி, அதைத் தராசில் போட்டுக் குறித்த கிலோ நிறைந்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர். உழைத்தவனுடைய பேரை ஏட்டில் எழுதாமல் விடுவதைப் போன்ற அநியாயம் வேறொன்றில்லை என்பதை எங்கள் தாய்மார் தராசடியில் நின்று வாதாடியே எங்களுக்குக் கற்பித்தார்கள். பின்னாளில் சட்டக் கல்லூரி எனக்குக் கற்பித்தவையெல்லாம் அந்த மூலத்துக்கு எழுதப்பட்ட உரைகளே.

அத்தகைய மக்களாகிய நாம், ஒரு மனிதருக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேர் போடாமல் இருக்கிறோம் என்று குற்றஞ்சாட்டவே இன்று எழுதுகிறேன். குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறி நிற்பவன் நான். மற்றவர்கள் எனக்குப் பின்னால் வரிசையாக வரலாம். இடம் போதாமற் போனால் கூண்டைப் பெரிதாக்கிக் கொள்வோம்.

அந்த மனிதர் ந. வீரமணி ஐயர். யாழ்ப்பாணத்து இணுவிலில் 1931இல் பிறந்து 2003இல் மறைந்தவர்.

யார் அவர் என்று புருவத்தை உயர்த்தும் வாசகர்களே, சற்றுப் பொறுங்கள். அவரை உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள்மீது பாடப்பட்ட "கற்பகவல்லி" என்ற பாட்டைக் கேளாத தமிழ்க் காது இவ்வுலகில் உண்டா? டி. எம். சௌந்தரராஜனின் கணீரென்ற குரலில் அது ஒலியாத கோயில் உண்டா? சென்னையில் மட்டுமா? கொழும்பிலே, மட்டக்களப்பிலே, பதுளையிலே, மலேசியாவின் இரப்பர்த் தோட்டங்களிலே, தமிழன் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிய இடங்களிலெல்லாம் அது ஒலித்தது. திருமண வீட்டில் ஒலித்தது. நாட்டிய அரங்கில் ஆடப்பட்டது. அந்தப் பாட்டை ஆக்கியவர் இணுவில் வீரமணி ஐயர். 1950களில் சென்னையில் மாணவராக இருந்த காலத்தில் ஆக்கினார். பாட்டு நம் வீட்டுக்குள் வந்து கூடத்தில் அமர்ந்துகொண்டது. ஆக்கியவரோ வாசலில் நிற்கிறார். உள்ளே வாருங்கள் என்று சொல்வார் இல்லை.

பாட்டின் அமைப்பைச் சற்றே பாருங்கள். அது இராகமாலிகை. ஆனந்தபைரவியில் தொடங்கிக் கல்யாணி, பாகேஸ்வரி, ரஞ்சனி எனச் செல்வது. ஒவ்வோர் இராகத்தின் பெயரையும் அம்பிகையின் நாமமாகவே மாற்றி அவ்வவ்விடத்தில் பதித்திருக்கிறார் ஆசிரியர்.  கேட்பவனுக்குப் பக்தி, கற்பவனுக்குப் பாடம். சங்கீதம் அறியாத என் தாய்க்கு அது அம்மனை அழைக்கும் குரல். சங்கீதம் அறிந்தவனுக்கோ, பாடப்படுவது எந்த இராகம் என்று பாட்டே பெயர் சொல்லி அறிவிக்கும் விந்தை. இவ்வளவையும் ஒரே பாட்டில், ஒட்டுத் தெரியாமல் செய்தவர் இருபது சில்லறை வயது இளைஞர்! இராகங்களுக்கெல்லாம் அவர் பேர் போட்டார். தமக்குப் போட்டுக்கொள்ளவில்லை. திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டிலே தம் பெயரையும் சீகாழியையும் வைத்தார். தீட்சிதர் குருகுஹ என்று முத்திரை வைத்தார். பாபநாசம் சிவன் ராமதாசன் என்று வைத்தார். இவர் வைக்கவில்லை. அந்த அடக்கத்துக்கு நாம் கொடுத்த பரிசு மறதி.

அவர் பெருமை ஒரு பாட்டோடு முடிந்துவிட்டதென்றும் எண்ண வேண்டாம். அடையாற்றுக் கலாசேத்திரத்தில் ருக்மிணி தேவியின் கீழ் நடனமும், பாபநாசம் சிவனிடம் இசையும் பயின்று ஊர் திரும்பினார். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளராக இருந்து தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை உருவாக்கினார். நாட்டிய நாடகங்கள் எழுதினார். யாழ்ப்பாணத்துச் சிறு கோயில்கள் பலவற்றுக்குக் கீர்த்தனைகளும் ஊஞ்சற் பாக்களும் யாத்துக் கொடுத்தார். இவற்றுக்கெல்லாம் சிகரமாக எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் ஆக்கினார்.

இந்த எழுபத்திரண்டு என்பதன் கனம் நம் விவசாய நண்பர்களுக்கு விளங்க வேண்டும். தோட்டத்தில் தாய்ச்செடி என்று வைத்திருப்போம். அதிலிருந்து வெட்டிய துண்டுகளை நட்டே மலை முழுவதும் தேயிலை பரப்புவோம். அதுபோல மேளகர்த்தா என்பவை தாய் இராகங்கள். மற்றவை அவற்றின் பிள்ளைகள். கனகாங்கியில் தொடங்கி ரசிகப்பிரியாவில் முடியும் இந்த எழுபத்திரண்டில் முதல் முப்பத்தாறு சுத்த மத்திமம், பின் முப்பத்தாறு பிரதி மத்திமம். கல்யாணி, சங்கராபரணம், தோடி, கரகரப்பிரியா போன்ற சில, நீர் வளமுள்ள நன்செய் நிலங்கள். யார் விதைத்தாலும் விளையும். மீதியுள்ளவற்றில் நாற்பது விவாதி மேளங்கள். சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி முட்டும் கரட்டு நிலங்கள். பாடினால் தோஷம் என்று பழைய வித்துவான்கள் அஞ்சி ஒதுங்கிய நிலங்கள். அந்தக் கரட்டு நிலத்திலும் ஏர் பூட்டித் தமிழை விளைவித்தவர்கள் மிகச் சிலர். கோடீஸ்வர ஐயர் தமிழ்நாட்டில் அதைச் செய்தார். அவருடைய பாட்டுகளும் பாடுவாரின்றி மறைந்திருக்கும். எஸ். ராஜம் என்ற பாடகர் அவற்றை எழுபத்திரண்டும் கற்று, பாடி, பதிவுசெய்து, கற்பித்து நிலைநாட்டினார். பாட்டு ஏட்டில் கிடந்தால் விதை கோட்டையில் கிடப்பதுபோல. விதைப்பவன் ஒருவன் வேண்டும். கோடீஸ்வர ஐயருக்கு ஒரு ராஜம் கிடைத்தார். வீரமணி ஐயரின் எழுபத்திரண்டுக்கு ராஜம் எங்கே?

நான் அவரை முதலில் அறிந்த கதையைச் சொல்ல வேண்டும். ஏனெனில் என்மீதுள்ள குற்றப்பத்திரிகை அதில்தான் இருக்கிறது.

கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தத் தோட்டத்தில் என் தாய்மாமன் குடும்பம் இருந்தது. திருவிழாக் காலத்தில் அம்மா எங்களை அழைத்துப் போவாள். லயத்துக் கோயில் மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். இருள் பிரியுமுன் அது கற்பகவல்லியைத் தொடங்கிவிடும். பனிமூட்டத்துக்குள் வெளிச்சம் தெரியாது, ஆள் தெரியாது. பாட்டு மாத்திரம் மலையில் மோதித் திரும்பி வரும். மாமா முகம் கழுவிக்கொண்டே, "டி. எம். எஸ். பாட்டுடா" என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

1993இல் எங்கள் பாடசாலைக்கு ஒரு சங்கீத டீச்சர் வந்தார். போரினால் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்து பதுளை மாவட்டத்தில் நியமனம் பெற்றவர். கோப்பாய்க் கலாசாலையில் பயின்றவர். சுருதிப்பெட்டி ஒன்றைத் தவிரப் பாடசாலையில் வேறு வாத்தியம் கிடையாது. பதினைந்தாம் மேளமாகிய மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கினார். ஒருநாள் நாங்கள் கற்பகவல்லியை எங்கள் தொண்டைக்கு ஏற்றபடி கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து, "இது ஆருடைய பாட்டெண்டு தெரியுமோ?" என்று கேட்டார். டி. எம். எஸ். பாட்டு என்றோம். டீச்சர் சிரிக்கவில்லை. "இது எங்கட சேருடைய பாட்டு. எனக்குப் படிப்பிச்ச வீரமணி ஐயர் சேர்" என்றார். பிறகு கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதி, எங்கள் கொப்பிகளில் எழுதச் செய்தார். அவ்வாண்டு அவருடைய கையெழுத்துக் கொப்பியிலிருந்து ஐயரின் கீர்த்தனம் ஒன்றையும் எங்களுக்குச் சொல்லித் தந்தார். கீரவாணி, இருபத்தொன்றாம் மேளம். கொழுந்துக் கூடை தூக்கும் வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு பேர், தகரக் கூரையில் மழை இரைய இரைய, கீரவாணி பாடினோம். அடுத்த ஆண்டு டீச்சருக்கு மாற்றம் வந்தது. அவருக்குப் பின் அந்த வகுப்புக்கு ஆசிரியர் வரவேயில்லை.

அந்தப் பெயரை நான் கொப்பியில் எழுதினேன், கொப்பியை மூடினேன். சட்டம் படித்தேன். சங்கம் அமைத்தேன். ஆயிரம் ரூபாய் நாட்கூலி கேட்டு ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தில் மேடை மேடையாக முழங்கினேன். 2021இல் அது வர்த்தமானியில் வந்தது. கூட்டங்களுக்கு ஆள் சேர்க்க ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவோம். முதலில் கற்பகவல்லி, பிறகு சினிமாப் பாட்டு, பிறகு நான். நூறு கூட்டங்களில் அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒலிவாங்கியைப் பிடித்தவன் நான். ஒரு கூட்டத்திலாவது, "தோழர்களே, இப்போது கேட்ட பாட்டை ஆக்கியவர் இன்னார்" என்று சொன்னேனா? இல்லை. மற்றொரு நகரத்து விழாவில் அறிவிப்பாளர் அதைப் பாபநாசம் சிவன் பாட்டென்று கூறினார். முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை. உண்மை தெரிந்தும் பேசாதிருந்த சாட்சியை நீதிமன்றத்தில் நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வேன் என்பதை என் கட்சிக்காரர்கள் அறிவார்கள்.

2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மீரியபெத்த மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பித் திரும்பிவந்து, வீடு இருந்த இடத்தில் சேற்றைப் பார்த்தார்கள். 2005இலும் 2011இலும் அபாய எச்சரிக்கை கொடுக்கப்பட்ட இடம் அது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். அதைப் பற்றி இப்பத்திரிகையிலும் வெளியிலும் நிறைய எழுதியாகிவிட்டது. இன்னும் எழுதவேண்டியதும் உண்டு. இன்று அது என் பொருளன்று.

நான் அங்கே போனது பத்திரங்களுக்காக. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் புத்தகம் எல்லாம் மண்ணுக்கடியில். இறந்தவர் இறந்தார் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். இருப்பவர் இருக்கிறார் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். மேசை போட்டுப் பெயர் பெயராக எழுதினோம். மூன்றாம் நாள் மாலை முகாமில் ஒரு பெண்பிள்ளை, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கற்பகவல்லி பாடிக்கொண்டிருந்தது. அதே கோயிலில், அதே குழாய் ஒலிபெருக்கியில் கேட்டுக் கற்ற பாட்டு. "யார் பாட்டம்மா இது?" என்று கேட்டேன். "டி. எம். எஸ். பாட்டு சார்" என்றது. இருபத்தொரு ஆண்டுகள்! என் மாமா சொன்ன அதே விடை, அதே மலையில், அடுத்த தலைமுறையின் வாயில். நான் கற்றது என் கொப்பியோடு செத்துப் போயிருந்தது. என் முன்னால் மேசையில் பெயர்ப் பட்டியல் கிடந்தது. ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பம் நிவாரணம் இழக்குமென்று எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கொண்டிருந்த எனக்கு, அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிமிர்ந்திருக்க முடியவில்லை.

அதன் பிறகே தேடினேன். யாழ்ப்பாண நீதிமன்ற வழக்குக்குப் போகும்போதெல்லாம் இணுவிலுக்கும் போனேன். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். கோயிற் கும்பாபிஷேக மலர்களில் ஐயரின் பாட்டுகள் அச்சாகியிருப்பதைக் கண்டேன். பழைய டீச்சரையும் தேடிப் பிடித்தேன். அவருடைய கொப்பியைப் பிரதி எடுத்தேன். கீரவாணியை நாற்பது வயதுக்குப் பின் மீண்டும் பாடிப் பார்த்தேன். வீட்டில் வரவேற்பு இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி கேட்டபோது ஒன்று தெளிவாகியது. பதின்மூன்று வயதில் எனக்குப் பிடித்தது மெட்டு. இப்போது பிடித்தது தமிழ். சொல் பிளவுபடாமல் தாளத்தில் அமர்கிறது. மூச்சு விடவேண்டிய இடத்தில் சொல் முடிகிறது. பாடகன் வாயில் தமிழ் சிதையாதபடி முன்கூட்டியே காவல் போட்டு எழுதியவர் அவர். ஆட்டக் கலையும் பயின்றவராதலால் எந்தச் சொல்லுக்கு முத்திரை பிடிக்கலாம், எந்தச் சொல்லுக்குக் கால் வைக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இயலும் இசையும் நாடகமும் ஒருவரிடத்தில் கூடியிருப்பது நாம் மேடையில் சொல்லுமளவுக்கு மலிவான காட்சியன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1999இல் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது; அதைக் குறிப்பிடாமல் விட்டால் நானும் பேர் போடாதவனாவேன். ஆனால் பட்டம் வேறு, பாடுவது வேறு.

இனி நம்மவர் சொல்லும் சமாதானங்களுக்கு வருவோம்.

"வயிற்றுக்கு இல்லாதவனுக்குக் கீர்த்தனம் எதற்கு?" என்பார் ஒரு நண்பர். இவர் எங்கள் இயக்கத்திலேயே இருக்கிறார், நல்லவர். அவருக்கு என் கேள்வி: வயிற்றுக்கு இல்லாத அந்த மனிதன் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் எதைக் கேட்கிறான்? மண்சரிவு முகாமில் அந்தப் பிள்ளை எதைப் பாடியது? உழைப்பவன் பாட்டு கேட்கவில்லை என்பதன்று. அவன் கேட்கும் பாட்டைப் பற்றிய அறிவை அவனுக்குக் கொடுக்க நாம் மறுக்கிறோம். கூலிக்காகப் போராடுகிறோம், சரி. கூலி வாங்கிய கை, மாலையில் வீணை தொடக்கூடாதென்று எந்தச் சாசனத்தில் எழுதியிருக்கிறது?

"அது உயர்ந்த சாதிக்காரரின் கலை" என்பார் வேறொருவர். இது வலுவான வாதம். சபைகளின் கதவுகள் யாருக்குத் திறந்தன, யாருக்கு மூடின என்பது எனக்கும் தெரியும். தப்படிப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே சங்கீதம் வளர்த்த வரலாற்றை நான் மறைக்க வரவில்லை. ஆனால் கதவை மூடியவனுக்குத் தண்டனையாக, உள்ளே இருக்கும் நம் சொத்தையும் அவனுக்கே எழுதிக் கொடுப்பது என்ன நீதி? எங்கள் காமன் கூத்துக்கும் தப்புக்கும் மேடை வேண்டும், கீரவாணியும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனையைத் துரைமார்தான் விதிப்பார்கள். நாமே நமக்கு விதித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது சமாதானம் கசப்பானது. "யாழ்ப்பாணத்தான் நமக்கு என்ன செய்தான்? 1948இல் பிரஜாவுரிமை பறிபோனபோது எங்கே இருந்தான்?" என்பது அது. இந்தக் கசப்பு எனக்கும் உண்டு. அன்று யார் எங்கே நின்றார்கள் என்ற கணக்கு முடியவில்லை. ஆனால் 1948இல் வீரமணி ஐயருக்கு வயது பதினெட்டுக் கூட நிரம்பவில்லை. அவரிடம் கற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் தகரக் கூரைக்குக் கீழ் வந்து எங்களைப் பாடவைத்தார். அரசியல்வாதிகள் கடக்காத பாலத்தை ஒரு கையெழுத்துக் கொப்பி கடந்தது.

இந்த நண்பர்களையே திருப்பிக் கேட்கிறேன்: நம் சொந்த மலையகப் பேர்களையாவது போட்டோமா? கோதண்டராம நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மை, தோட்டத் தொழிலாளரின் துன்பத்தைப் பாட்டாக எழுதி, 1940களை ஒட்டிய நாட்களில், கூட்டங்களில் தாமே பாடியவர். கங்காணிகளும் துரைமாரும் கேட்டு அஞ்சிய குரல் அது. இன்று எந்த மே தின மேடையில் அவர் பாட்டு ஒலிக்கிறது? சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்திராவிட்டால் நம் பாட்டிமாரின் பாட்டுகளும் அவர்களோடு மண்ணுக்குப் போயிருக்கும். வடக்கைப் பார்த்து விரல் நீட்டுமுன் நம் செக்ரோலையும் திறந்து பார்ப்போம்.

சென்னை நண்பர்களுக்கும் ஒரு சொல். 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்தபோது கடல் கடந்து மகிழ்ந்தவர்கள் ஈழத்தமிழர். விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலைத் தந்து, பழந்தமிழ் இசைக்கு இழந்த நரம்பை மீட்டுக் கொடுத்தார். கொடுப்பதில் இத்தீவு குறை வைக்கவில்லை. வாங்கிக்கொண்டவர்கள் ரசீது எழுதவில்லை. மயிலாப்பூர் அம்பிகைக்கு மிகப் புகழ்பெற்ற பாட்டைக் கொடுத்தவன் இணுவிற்காரன் என்பதை மாட வீதியில் நிற்கும் எத்தனை பேர் அறிவர்? எழுதி வைக்க ஒரு கல் போதும்.

சட்டம் கேட்பவர்களுக்குச் சட்டமும் சொல்கிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆக்கியோனுக்குப் பொருளுரிமைக்குப் புறம்பாகத் தார்மீக உரிமை உண்டென்கிறது. படைப்பைப் பகிரங்கமாகப் பயன்படுத்தும்போது, இயன்ற அளவு, அவன் பெயர் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். பொருளுரிமையை யாருக்கு விற்றிருந்தாலும் இவ்வுரிமை விலை போகாது. ஆக்கியோன் வாழ்நாளும் அதற்குப் பின் எழுபது ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில் இதே கருத்தைக் கொண்டுள்ளது. "இயன்ற அளவு" என்ற சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளலாமென எண்ணும் வானொலிக்காரருக்கும் விழா அறிவிப்பாளருக்கும் ஒரு வார்த்தை: கையில் ஒலிவாங்கி இருப்பவனுக்கு ஒரு பெயரை உச்சரிப்பது இயலாத காரியமென்று எந்த நீதிபதியும் தீர்ப்பளிக்கமாட்டார். நான் யார்மீதும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. வழக்கில்லாமலே செய்யத்தக்கதை வழக்குக்குப் பயந்து செய்யவேண்டாம் என்றே சொல்கிறேன்.

செய்யவேண்டியது என்ன? எழுபத்திரண்டு கீர்த்தனைகளும் சுரதாளக் குறிப்புடன் ஒரே தொகுப்பாகக் கையில் கிடைக்கவேண்டும். இணுவிலுக்கு அடுத்த மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாகத் தொடங்கிய பீடம் இருக்கிறது; பாடத்தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள்; மாதமொரு மேளம் எடுத்தாலும் ஆறாண்டில் முடியும். ஐயரிடம் நேரே கற்ற ஆசிரியர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் பாடக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலைக்கு ஆறாண்டு அவகாசமும் கிடையாது. 1981இல் நூலகம் எரிந்ததையும், 1995இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தபோது அவரவர் தலையில் ஏற்ற முடிந்ததை மாத்திரம் ஏற்றிச் சென்றதையும் கண்ட இனத்துக்கு, காகிதத்தை நம்பியிருக்கக் கூடாதென்று நான் சொல்லவேண்டுமா?

மலையகத்துக்கு நான் கேட்பது இன்னும் எளியது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளில் குரலுள்ளவர்களைத் தேர்ந்து, இந்தக் கீர்த்தனைகளில் பத்தையேனும் கற்பித்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். வாத்தியம் வேண்டாம். எங்களுக்கு ஒரு சுருதிப்பெட்டி போதுமாயிருந்தது.

அரசாங்கத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் கேட்பவன் தன் பங்கை முதலில் செய்யவேண்டுமென்று ஒரு சிறு காரியம் செய்தேன். சரிவுக்குத் தப்பிய குடும்பங்களுக்குப் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டுத் தொகுதியில் திருவிழா வருகிறது. நோட்டீஸ் அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதிகாலை நிகழ்ச்சி என்ற இடத்தில் "கற்பகவல்லி, ஆக்கம்: இணுவில் ந. வீரமணி ஐயர்" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துத் தம்பி எழுத்துக் கோத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சார், இவர் எந்தத் தோட்டம்?"

"தோட்டமில்லை தம்பி. இணுவில்."

"அது எந்தப் பக்கம்?"

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் போனால் மருதனார்மடத்துக்கு முன்னால் வரும் ஊர் என்று சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் வழியும் வரைந்து கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.